கோலாலம்பூரில் உட்கார்ந்துகொண்டே ஓர் ஆங்கிலேயச் சிறு குழுவின் வரலாற்றைத் தேடிப் படிப்பது எப்படி

காற்பந்து பார்க்க நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. செந்தூலிலும் பிரிக்பீல்ட்ஸிலும் சனிக்கிழமை இரவு எந்த மாமாக் கடைக்குள் நுழைந்தாலும் பெரிய திரையில் மென்செஸ்டரோ லிவர்பூலோ ஓடிக்கொண்டிருக்கும், பக்கத்து மேசைக்காரரிடம் பேச்சுக் கொடுத்தால் தாத்தா காலத்திலிருந்தே எங்கள் வீட்டில் எல்லாரும் லிவர்பூல்தான் என்பார். நான் எழுதப்போவது அந்தப் பெரிய குழுக்களைப் பற்றி இல்லை. அதே இங்கிலாந்தில் மூன்றாவது, நான்காவது பிரிவில், ஐயாயிரம் பேர் வந்தாலே திடல் நிரம்பிவிடும் குழுக்கள் இருக்கின்றன, அவற்றில் பலவற்றுக்கு நூறு வயது எப்போதோ தாண்டிவிட்டது. அப்படி ஒரு குழுவை எடுத்து, அதன் கதையை ஆரம்பத்திலிருந்து இன்றுவரை, இங்கிருந்தே, பெரிய செலவில்லாமல் எப்படித் தேடிப் படிப்பது என்று சொல்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது: கோப்பைப் பட்டியலிலிருந்து தொடங்காதீர்கள். சிறு குழுவின் கோப்பைப் பட்டியல் நாலு வரியில் முடிந்துவிடும். அதன் உண்மையான வரலாறு மூன்று கேள்விகளில் இருக்கிறது. காசு யார் போட்டார்கள்? திடல் யாருக்குச் சொந்தம்? அந்த ஊர்க்காரர்கள் என்ன வேலை செய்து பிழைத்தார்கள்? இந்த மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு படித்தால், ஏன் ஒரு குழு செத்தது, ஏன் இன்னொன்று பிழைத்தது என்று உங்களுக்கே புரிய ஆரம்பிக்கும்.

முதலில் ஒரு குழு

ஒன்றே ஒன்று போதும். தேர்ந்தெடுக்க உங்களுக்கென்று ஒரு காரணம் இருக்கட்டும், அது எவ்வளவு சின்னக் காரணமாக இருந்தாலும் சரி. அண்ணன் மகள் படிக்கப் போன ஊரா, அந்த ஊர்க் குழுவை எடுங்கள். மலேசியத் தொடர்பு வேண்டுமென்றால் குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் இருக்கிறது. 2011ல் டோனி ஃபெர்னாண்டஸ் பெரும்பங்கை வாங்கிய குழு என்ற அளவில்தான் நம்மில் பலருக்கு அதைத் தெரியும், ஆனால் 1967ல் மூன்றாம் பிரிவில் இருந்துகொண்டே லீக் கோப்பையை வென்றவர்கள் அவர்கள், வெம்ப்லியில் இடைவேளையின்போது 0-2 என்று பின்தங்கியிருந்து 3-2 என்று முடித்தார்கள். போர்க்கால வரலாற்றில் ஆர்வம் உள்ளவர்களுக்கு லெய்டன் ஓரியண்ட். முதல் உலகப் போரில் அந்தக் குழுவிலிருந்து ஏராளமானோர் காற்பந்து வீரர்களுக்கென்றே அமைத்த படைப்பிரிவில் சேர்ந்தார்கள், ரிச்சர்ட் மெக்ஃபாடன், ஜார்ஜ் ஸ்காட், வில்லியம் ஜோனஸ் மூவரும் 1916ல் சோம் போரில் உயிர்விட்டார்கள்.

நான் இங்கே எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்ளப்போவது அக்ரிங்டன் ஸ்டான்லி. லங்காஷயரில் பஞ்சாலைகளும் செங்கல் சூளைகளும் இருந்த ஒரு சின்ன ஊர் அக்ரிங்டன். ஒரு குழுவுக்கு என்னவெல்லாம் நடக்கலாமோ அத்தனையும் இதற்கு நடந்திருக்கிறது, அதனால்தான் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல குழு எனக்குத் தெரியவில்லை.

ஏணியைப் புரிந்துகொள்ளாமல் பழைய பட்டியலைத் தொடாதீர்கள்

பலர் இங்கேதான் குழம்பிப்போய் விட்டுவிடுகிறார்கள். பழைய புள்ளிப் பட்டியல் ஒன்றைத் திறந்து, 'முதல் பிரிவு' என்று பார்த்ததும் அது உச்சப் பிரிவு என்று எடுத்துக்கொண்டால் பாதி நேரம் தவறாகப் போகும். 1992 வரை முதல் பிரிவுதான் உச்சம். அந்த ஆண்டு பிரீமியர் லீக் பிரிந்து போனதும், இரண்டாம் பிரிவாக இருந்தது முதல் பிரிவு என்று பெயர் மாறியது, மூன்றாவது இரண்டாவதானது, நான்காவது மூன்றாவதானது. 2004ல் மறுபடியும் மாற்றி சாம்பியன்ஷிப், லீக் ஒன், லீக் டூ என்று வைத்தார்கள். ஆக ஒரு குழு 1990ல் 'மூன்றாம் பிரிவில்', 1995ல் 'இரண்டாம் பிரிவில்', 2005ல் 'லீக் ஒன்னில்' ஆடியிருந்தால், அது ஒரு படிகூட ஏறவில்லை, இறங்கவும் இல்லை. குறிப்பு எடுக்கும்போது பிரிவின் பெயரோடு மேலிருந்து எத்தனையாவது அடுக்கு என்று ஓர் எண்ணையும் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள், அது போதும்.

இன்னும் பின்னால் போனால், 1958க்கு முன் நான்காம் பிரிவே கிடையாது. மூன்றாம் பிரிவு வடக்கு, தெற்கு என்று இரண்டாக இருந்தது, ஒவ்வொன்றிலும் முதலிடம் வந்த ஒரே ஒரு குழுதான் மேலே போகும். இது வெறும் விவரம் இல்லை. அக்ரிங்டன் ஸ்டான்லி 1954-55லும் 1957-58லும் வடக்குப் பிரிவில் இரண்டாவதாக வந்தது. இன்றைக்கு என்றால் நேராக மேலே ஏறியிருக்கும், அன்றைக்கு இரண்டாம் இடத்துக்கு ஒன்றுமில்லை. அந்த இரண்டு சீசன்களில் ஏதாவது ஒன்றில் மேலே போயிருந்தால் பின்னால் வந்த கடன் கதை வேறு மாதிரி போயிருக்கலாம் என்று நான் நினைக்கிறேன், ஆனால் அது என் எண்ணம் மட்டுமே.

புள்ளிக் கணக்கும் மாறியிருக்கிறது. 1981 வரை வெற்றிக்கு இரண்டு புள்ளி, அதற்குப் பிறகுதான் மூன்று. 1976 வரை சமப் புள்ளி எடுத்த குழுக்களைப் பிரிக்க, போட்ட கோலை வாங்கிய கோலால் வகுத்தார்கள், கழிக்கவில்லை. அதனால்தான் பழைய பட்டியல்களில் தசமப் புள்ளியோடு ஓர் எண் நிற்கும். 1939-40 சீசன் மூன்று ஆட்டங்களோடு போரால் நின்றுபோனது, அந்த முடிவுகளை அதிகாரபூர்வக் கணக்கில் சேர்ப்பதில்லை.

எல்லாவற்றையும்விட முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டியது வாக்கெடுப்பு. 1986-87 சீசனுக்கு முன் ஃபுட்பால் லீக்கின், அதாவது இந்தப் பிரிவுகள் எல்லாம் சேர்ந்த அமைப்பின், அடியிலிருந்து யாரும் தானாக வெளியே விழமாட்டார்கள். கடைசி இடங்களில் வந்த குழுக்கள் கோடையில் மற்ற குழுக்களிடம் போய், எங்களை வைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்க வேண்டும், வெளியே இருக்கும் குழுக்களும் அதே இடத்துக்கு மனுப் போடும், பிறகு வாக்கு. 1970ல் பிராட்ஃபர்ட் பார்க் அவென்யூ, 1972ல் பாரோ, 1977ல் வொர்க்கிங்டன், 1978ல் சவுத்போர்ட் எல்லாம் இப்படி வாக்கில்தான் இடத்தை இழந்தன. பாரோ திரும்பி வர 2020 ஆனது. திடலில் தோற்பது ஒரு வலி, ஹோட்டல் அறை ஒன்றில் வாக்கில் தோற்பது இன்னொரு வலி, இந்த ஊர்களில் வயதானவர்கள் இன்னமும் அந்தக் கோடைகளை மறக்காமல் பேசுகிறார்கள் என்றால் அதற்குக் காரணம் இருக்கிறது.

ஒரே பெயர், ஒரே குழுதானா?

அடுத்து நீங்கள் சரிபார்க்க வேண்டியது இதுதான். 1888ல் ஃபுட்பால் லீக் தொடங்கியபோது இருந்த 12 குழுக்களில் அக்ரிங்டன் ஒன்று. இதைப் படித்தவுடன், ஆகா, அக்ரிங்டன் ஸ்டான்லி லீக்கைத் தொடங்கிய குழு என்று பலர் எழுதிவிடுகிறார்கள். இல்லை. அது வேறு குழு. அந்தப் பழைய அக்ரிங்டன் 1893ல் கீழிறங்க வேண்டிய நிலை வந்தபோது இரண்டாம் பிரிவில் ஆட மறுத்து விலகியது, 1896ல் மறைந்தே போனது. ஸ்டான்லி 1891ல் ஸ்டான்லி தெருவை ஒட்டி உருவான இன்னொரு குழு, ஆரம்பப் பெயர் ஸ்டான்லி வில்லா, ஊர்ப் பெயர் பிறகுதான் சேர்ந்தது. 1921ல் மூன்றாம் பிரிவு வடக்கு தொடங்கியபோது லீக்குக்குள் வந்தது.

அதோடும் முடியவில்லை. அந்த ஸ்டான்லியும் 1966ல் மூடப்பட்டது. இன்று ஆடுவது 1968ல் ஊர்க்காரர்கள் கூட்டம் போட்டு மறுபடி தொடங்கிய குழு. ஆக ஒரே ஊரில் மூன்று. சட்டப்படி பார்த்தால் மூன்று வெவ்வேறு அமைப்புகள். ரசிகர்களைக் கேட்டால் கடைசி இரண்டும் ஒன்றுதான் என்பார்கள், நானும் அவர்கள் பக்கம்தான். ஆனால் நீங்கள் எழுதும்போது இரண்டையும் எழுதுங்கள், எந்த ஆண்டு எந்தச் சங்கம் இருந்தது என்பதையும், மக்கள் எதைத் தங்கள் குழுவாக நினைத்தார்கள் என்பதையும்.

இந்தக் கேள்வி எவ்வளவு ஆழமாகப் போகும் என்று பார்க்க வேண்டுமென்றால் விம்பிள்டன் கதையைப் படியுங்கள். குழுவை மில்டன் கீன்ஸுக்கு மாற்ற 2002ல் அனுமதி கிடைத்ததும், ரசிகர்கள் பொதுத் திடலில் ஆள் தேர்வு நடத்திப் புதிதாக ஏ.எஃப்.சி. விம்பிள்டனைத் தொடங்கினார்கள், அடிமட்டத்திலிருந்து ஏறி 2011ல் லீக்குக்குள் வந்தார்கள், 2020ல் பிளவ் லேனுக்கே திரும்பினார்கள். பழைய கோப்பைகளுக்கான உரிமையை மில்டன் கீன்ஸ் குழு விட்டுக்கொடுத்தது, அவை விம்பிள்டன் அமைந்திருக்கும் மெர்டன் வட்டாரத்துக்குத் திரும்பின. வரலாறு யாருக்குச் சொந்தம் என்று இரண்டு ஊர்கள் வழக்காடிய கதை அது.

காசும் திடலும்

இப்போது முக்கியமான இடத்துக்கு வந்துவிட்டோம். ஒரு சிறு குழுவின் கதையில் எங்கே திருப்பம் வந்தாலும், அதற்கு ஓர் ஆண்டு முன்னால், இரண்டு ஆண்டு முன்னால் போய்க் கணக்கைப் பாருங்கள்.

அக்ரிங்டனையே எடுத்துக்கொள்ளுங்கள். 1950களில் நல்ல குழு, ஒரு கட்டத்தில் களமிறங்கிய 11 பேரும் ஸ்காட்லாந்தில் பிறந்தவர்கள். அந்த நல்ல நாட்களில்தான் பீல் பார்க் திடலுக்கு ஒரு பார்வையாளர் மாடம் வாங்கினார்கள். ஆல்டர்ஷாட்டில் ராணுவக் காட்சிகளுக்காகக் கட்டியிருந்த மாடம், விலை 1,450 பவுண்டு. மலிவு என்றுதான் தோன்றும். ஆனால் அதைப் பிரித்து, நாட்டின் தெற்கிலிருந்து வடக்கே ஏற்றிக்கொண்டு வந்து, மறுபடி நிறுத்தி முடிப்பதற்குள் வாங்கிய விலையைப் பலமடங்கு தாண்டிவிட்டது செலவு. அதே சமயத்தில் கூட்டம் குறைய ஆரம்பித்தது. பக்கத்திலேயே பர்ன்லி, பிளாக்பர்ன் என்று இரண்டு பெரிய குழுக்கள், 1960ல் பர்ன்லி நாட்டின் சாம்பியன். அதே 1960ல் அக்ரிங்டன் நான்காம் பிரிவுக்கு இறங்கியது.

1962 மார்ச் 2, வெள்ளிக்கிழமை, குரூ அலெக்சாண்ட்ராவிடம் 0-4. அதுதான் கடைசி லீக் ஆட்டம். கடன் ஏறத்தாழ 60,000 பவுண்டு. சில நாட்களில் விலகல் கடிதம் போனது, பிறகு உதவிக்கு ஆள் கிடைக்கும் என்று தெரிந்ததும் கடிதத்தைத் திரும்பப் பெற முயன்றார்கள், லீக் ஒப்புக்கொள்ளவில்லை. லீக் செயலாளர் ஆலன் ஹார்டேக்கர் விலகலை ஏற்றது ஏற்றதுதான் என்று நின்றார். அந்த சீசனில் அதுவரை ஆடிய 33 ஆட்டங்களும் பட்டியலிலிருந்து அழிக்கப்பட்டன, அதனால்தான் 1961-62 நான்காம் பிரிவின் இறுதிப் பட்டியலில் அக்ரிங்டனைத் தேடினால் கிடைக்காது. ஓர் ஊர் ஆறு மாதத்துக்கு மேல் ஆடிய ஆட்டம் கணக்கிலேயே இல்லை என்பதை முதலில் படித்தபோது எனக்கு மனசு ஆறவில்லை.

காலியான இடத்துக்கு அந்தக் கோடையில் வாக்கில் வென்று வந்தது ஆக்ஸ்ஃபர்ட் யுனைடெட். 2006ல் அக்ரிங்டன் ஸ்டான்லி, ஃபுட்பால் லீக்குக்கு அடுத்த கீழ் அடுக்கான கான்ஃபரன்ஸை வென்று 44 ஆண்டுகளுக்குப் பிறகு திரும்பியபோது, அதே சீசனில் லீக்கிலிருந்து கீழே இறங்கிய இரண்டு குழுக்களில் ஒன்று ஆக்ஸ்ஃபர்ட் யுனைடெட். இதை யாரும் திட்டமிடவில்லை. பட்டியல்களை வரிசையாக நீங்களே படித்துக்கொண்டு வந்தால்தான் இப்படிப்பட்டவை கண்ணில் படும்.

திரும்பி வந்த பிறகும் காசுப் பிரச்சினை விடவில்லை. 2009ல் வரிப் பாக்கி 308,000 பவுண்டு, கட்டாவிட்டால் கம்பெனியைக் கலைத்துவிடுவார்கள் என்ற நிலை, இலியாஸ் கான் என்பவர் கைகொடுத்துக் காப்பாற்றினார். 2015ல் ஆண்டி ஹோல்ட் வாங்கினார். ஜான் கோல்மன் பயிற்சியில் 2018ல் லீக் டூவை வென்று, குழுவின் வரலாற்றிலேயே நல்ல காலத்தைப் பார்த்தார்கள், 2023ல் மறுபடி லீக் டூவுக்கு இறங்கினார்கள்.

இந்தக் கணக்கை எங்கே பார்ப்பது? இங்கிலாந்தில் காற்பந்துக் குழுக்கள் பெரும்பாலும் கம்பெனிகளாகப் பதிவானவை, கம்பெனிஸ் ஹவுஸ் என்ற அரசுப் பதிவகத்தின் தளத்தில் ஆண்டுக் கணக்கு, இயக்குநர்கள் வந்த தேதி போன தேதி, அடமானப் பதிவுகள் எல்லாம் இலவசமாகப் படிக்கலாம். குழுவின் பெயரை அடித்தால் சில சமயம் இரண்டு மூன்று கம்பெனிகள் வரும், திடல் ஒரு கம்பெனியிடம், குழு இன்னொன்றிடம் என்று இருந்தால் அதைக் கட்டாயம் குறித்துக்கொள்ளுங்கள். திடலும் குழுவும் வெவ்வேறு கைக்குப் போன இடங்களில் பிறகு தகராறு வந்த கதைகள் நிறைய. அடமானப் பதிவு, கணக்கைத் தாமதமாகத் தாக்கல் செய்வது, ஒரே ஆண்டில் இயக்குநர்கள் வரிசையாக விலகுவது, இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் அந்த ஆண்டின் செய்தித்தாளைத் தேடுங்கள். ஒரு குழு கடன் தீர்க்க முடியாமல் நிர்வாகியின் பொறுப்புக்குப் போனால் புள்ளியும் வெட்டுவார்கள், 2004 முதல் பத்துப் புள்ளி, 2015 முதல் பன்னிரண்டு. பட்டியலில் கணக்கு உதைத்தால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

பெரி குழுவின் கதையை இதோடு சேர்த்துப் படிக்கலாம். 1885ல் தொடங்கியது, எஃப்.ஏ. கோப்பையை 1900லும் 1903லும் வென்றது, 2019 ஏப்ரல் கடைசியில் லீக் ஒன்னுக்கு உயர்வதை உறுதிசெய்தது, அதே ஆண்டு ஆகஸ்ட் 27ஆம் தேதி லீக்கிலிருந்து நீக்கப்பட்டது. திடலில் ஜெயித்த குழு கணக்கில் தோற்றது. அப்படிப்பட்ட நிகழ்வுகளின் தொடர்ச்சியாகத்தான் காற்பந்துக்கென்று தனி ஒழுங்குமுறை அமைப்பை உருவாக்கும் சட்டம் 2025ல் நிறைவேறியது.

திடல் என்று சொல்லும்போது பிராட்ஃபர்ட் சிட்டி குழுவைத் தாண்டிப் போக முடியாது. 1985 மே 11, மூன்றாம் பிரிவை வென்றதைக் கொண்டாட வந்த கூட்டம், பழைய மரப் பார்வையாளர் மாடத்தில் தீப்பிடித்து 56 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு பாதுகாப்பு விதிகள் மாறின. பல சிறு குழுக்களின் பழைய மாடங்கள் எப்போது, ஏன் இடிக்கப்பட்டன என்று தேடினால் இந்தத் தேதியும், 1989ல் ஹில்ஸ்பரோ திடலில் நடந்த கூட்ட நெரிசல் விபத்தும் பின்னணியில் இருக்கும்.

இங்கிருந்து தேடும் வழி

ஊர்ப் பத்திரிகைதான் சிறு குழுவின் நாட்குறிப்பு. பிரிட்டிஷ் நியூஸ்பேப்பர் ஆர்க்கைவ் என்ற தளத்தில் தேடுவது இலவசம், பக்கத்தைத் திறந்து படிக்கத்தான் சந்தா. அதனால் முதலில் தேடி, வேண்டிய தேதிகளை எல்லாம் தாளில் எழுதிச் சேர்த்துக்கொண்டு, பிறகு ஒரே ஒரு மாதத்துக்குச் சந்தா கட்டி உட்கார்ந்து படித்து முடித்துவிடுங்கள். ரிங்கிட்டை பவுண்டாக மாற்றிக் கட்டுகிறோம், ஆண்டுச் சந்தா தேவையில்லை.

ஆனால் நமக்கு அதைவிட நல்ல வழி ஒன்று பக்கத்திலேயே இருக்கிறது. சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் நியூஸ்பேப்பர் எஸ்.ஜி. தளம். ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ், மலாயா டிரிபியூன் மட்டுமில்லை, பினாங்கின் ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ, பினாங் கெசட் பழைய இதழ்களும் அங்கே படிக்கலாம், காசு வேண்டாம். வெள்ளைக்காரர் காலத்தில் இந்தப் பத்திரிகைகள் இங்கிலாந்து லீக் முடிவுகளை, மூன்றாம் பிரிவு உட்பட, தவறாமல் போட்டன. தோட்டத் துரைகளுக்கும் ராணுவத்தாருக்கும் ஊர்ச் செய்தி அதுதான். ஞாயிறு, திங்கள் இதழ்களில் பாருங்கள். எழுத்துகளைக் கணினி படித்து ஏற்றியதால் சிறு எழுத்துப் பட்டியல்களில் பிழை நிறைய, குழுவின் பெயர் அகப்படாவிட்டால் அன்றைக்கு எதிர்த்து ஆடிய குழுவின் பெயரைப் போட்டுத் தேடுங்கள், அதுவும் கிடைக்காவிட்டால் தேதியைப் பிடித்து விளையாட்டுப் பக்கத்தை நேராகத் திறந்து கண்ணால் பாருங்கள். நேரக் கணக்கு பார்ப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: இங்கிலாந்தில் குளிர்காலத்தில் மாலை 3 மணி என்றால் இப்போது நமக்கு இரவு 11, ஆனால் 1982க்கு முன் தீபகற்பத்தின் கடிகாரம் அரை மணி பின்னால் ஓடியது, ஆக 1962ல் அது இரவு 10.30.

இந்தத் தளத்தில் நீங்கள் தேட வேண்டிய ஒரு குழுவைச் சொல்கிறேன். ஐலிங்டன் கொரிந்தியன்ஸ், லண்டனின் அமெச்சூர் குழு. 1937-38ல் உலகம் சுற்றி ஆடியவர்கள், இந்தியா, பர்மா வழியாக மலாயாவுக்கும் வந்தார்கள். அந்தக் குழுவில் ஜானி ஷெர்வுட் என்ற இளைஞர் இருந்தார். ஊர் திரும்பியதும் மூன்றாம் பிரிவு தெற்கில் ஆடிக்கொண்டிருந்த ரெடிங்கில் சேர்ந்தார். பிறகு போர். படையில் சேர்ந்து அனுப்பப்பட்ட இடம் சிங்கப்பூர், 1942ல் ஜப்பானியரிடம் சிறைப்பட்டு, சயாம் மரண ரயில் பாதையில் வேலைக்குப் போனார். உயிரோடு திரும்பி மறுபடியும் பந்தாடினார்.

அதே பாதையில்தான் மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர்களைக் கொண்டுபோனார்கள், எத்தனையோ பேர் திரும்பவில்லை, போர்க்கைதிகளுக்கு இருப்பதுபோல் அவர்களுக்குப் பெயர் பொறித்த கல்லறை வரிசைகளும் இல்லை. ரெடிங் என்ற ஒரு கீழ்ப்பிரிவுக் குழுவின் பழைய ஆட்டக்காரரைப் பற்றித் தேடப்போனால் நம் குடும்பங்களின் கதைக்குள் வந்து நிற்கிறோம். இதனால்தான் சிறு குழுக்களின் வரலாற்றைப் படியுங்கள் என்று நான் பார்ப்பவர்களிடம் எல்லாம் சொல்கிறேன். போரில் இறந்த ஆட்டக்காரர்களைத் தேட காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தளம் இலவசம், பெயரும் படைப்பிரிவும் தெரிந்தால் எங்கே அடக்கம் என்று சொல்லிவிடும். தைப்பிங்கிலும் நம் செராஸ் சாலையிலும் அவர்கள் பராமரிக்கும் கல்லறைகள் உண்டு.

அப்புறம், மனிதர்களிடம் கேட்பது. அநேகமாக ஒவ்வொரு சிறு குழுவுக்கும் சம்பளம் வாங்காமல் பழங்கணக்கு பார்த்து வைத்திருக்கும் ஓர் ஆள் இருப்பார். குழு அலுவலகத்துக்கு மின்னஞ்சல் போட்டு அவருக்கு அனுப்பச் சொல்லலாம். உங்கள் குழுவின் வரலாற்றைச் சொல்லுங்கள் என்று கேட்காதீர்கள், அதற்கு யாராலும் பதில் எழுத முடியாது. ஒரு தேதி, ஒரு கேள்வி. உதாரணத்துக்கு, 1958ல் அந்தப் பார்வையாளர் மாடம் திடலின் எந்தப் பக்கம் நின்றது, பிறகு என்ன ஆனது? நீங்கள் ஏற்கெனவே எதைப் படித்தீர்கள் என்று இரண்டு வரி, கோலாலம்பூரிலிருந்து எழுதுகிறேன் என்று ஒரு வரி. பதில் வந்தால் நன்றி சொல்லி எழுதுங்கள், பலர் அதை மறந்துவிடுகிறார்கள்.

எழுதி வைப்பது, பிறகு நம் ஊருக்குத் திரும்புவது

ஒரு நோட்டுப் புத்தகமோ கணினிக் கோப்போ, ஆண்டுக்கு ஒரு வரி. எந்த அடுக்கு, எத்தனையாவது இடம், எந்தத் திடல், தலைவர் யார், அந்த ஆண்டு ஊரில் என்ன நடந்தது. கடைசிக் கட்டத்தைக் காலியாக விடாதீர்கள். அக்ரிங்டனில் 1916 என்ற வரியில் காற்பந்து இருக்காது, ஆனால் அந்த ஆண்டு ஜூலை 1ஆம் தேதி செர் என்ற கிராமத்தின் முன் அக்ரிங்டன் பால்ஸ் படைப்பிரிவில் ஏறத்தாழ 720 பேர் முன்னேறினார்கள், 584 பேர் இறந்தோ காயப்பட்டோ காணாமலோ போனார்கள். பக்கத்துப் பக்கத்துத் தெருக்காரர்கள் ஒன்றாகப் போய்ச் சேர்ந்த படை அது. போருக்குப் பிறகு அந்த ஊரில் திடலுக்கு வந்த கூட்டத்தை, இது தெரியாமல் எப்படிப் புரிந்துகொள்வது?

ஒவ்வொரு வரிக்கும் எங்கே படித்தீர்கள் என்று பக்கத்தில் எழுதுங்கள். இரண்டு இடத்தில் இரண்டு தேதி இருந்தால் இரண்டையும் வையுங்கள். நிகழ்வுக்கு மிக அருகில் அச்சான பத்திரிகைக்கு அதிக எடை கொடுங்கள், குழுவின் ஆண்டுவிழா மலருக்குக் குறைந்த எடை.

சரி, இந்தப் பழக்கம் கைக்கு வந்த பிறகு அதை நம் குழுக்களுக்குப் பயன்படுத்துங்கள், இதைத்தான் நான் உங்களிடம் வேண்டிக் கேட்கிறேன். எம்.ஐ.எஸ்.சி. மிஃபா என்று இந்தியச் சமூகத்தின் பெயரில் ஆடிய குழு 2019ல் பெட்டாலிங் ஜெயா சிட்டி என்று மாறி சூப்பர் லீக்கில் ஆடியது, 2022 சீசனுக்குப் பிறகு விலகிவிட்டது. அதன் கதையைக் காசு, திடல், மக்கள் என்ற மூன்று கேள்விகளோடு தமிழில் எழுத இதுதான் நேரம், ஆடியவர்களும் நடத்தியவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். அதற்கும் முன்னால், ரப்பர்த் தோட்டங்களில் கோயிலும் தமிழ்ப்பள்ளியும் இருந்ததுபோல் ஒரு பந்துத் திடலும் இருந்தது. தோட்டத்தை வீடமைப்புக்கு விற்றபோது குழுவும் போய்விட்டது, அதன் முடிவுகள் எந்தப் பட்டியலிலும் இல்லை. தமிழ் நேசன் 1924ல் தொடங்கி 2019ல் நின்றது, பழைய இதழ்கள் கிடைக்கும் நூலகங்களில் விளையாட்டுப் பக்கத்தைப் புரட்டினால் தோட்டப் பெயர்கள் கிடைக்கும்.

உங்கள் குடும்பத்தில் தோட்டத்துக் குழுவில் ஆடிய மாமாவோ பெரியப்பாவோ இருந்தால், போனில் ஒலிப்பதிவை ஓடவிட்டு இந்த வரிசையில் கேளுங்கள்: ஜெர்சி என்ன நிறம், பந்து வாங்கிக் கொடுத்தது யார், வெளியூர் ஆட்டத்துக்கு எந்த லாரியில் போனீர்கள், மேனேஜர் யாரைச் சேர்த்துக்கொள்ளவில்லை, கடைசி ஆட்டம் யாரோடு, அந்தத் திடலில் இப்போது என்ன இருக்கிறது. படம் இருந்தால் வாங்கிப் போகாதீர்கள், அங்கேயே வெளிச்சத்தில் வைத்துப் படமெடுத்துக்கொண்டு, யார் யார் நிற்கிறார்கள் என்று இடமிருந்து வலமாகப் பெயர் சொல்லச் சொல்லி அதையும் பதிவு செய்யுங்கள். கோப்புக்குத் தோட்டத்தின் பெயரையும் ஆண்டையும் வைத்து, இரண்டு வேறு இடங்களில் சேமியுங்கள், ஒரு பிரதியை அந்த வீட்டுக்காரர்களுக்கே அனுப்பிவிடுங்கள்.